பழைய வேனில் சக்கரச் சத்தம்: கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

சரக்கு ஏற்றி இறக்கச் சொந்த வேன் வைத்திருக்கும் வணிகர்கள் நம்மில் நிறையப் பேர். புது வண்டி என்றால் கம்பெனி சர்வீஸ் இருக்கிறது. சத்தம் வந்தால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்துவிடலாம். ஆனால் நம்மில் பலர் ஓட்டுவது பத்து, பதினைந்து வருடம் ஆன வண்டிகளைத்தான். 2019-இல் தயாரிப்பு நின்றுபோன மாருதி ஆம்னி இன்றும் எத்தனையோ மளிகைக் கடை வாசலில் நிற்கிறது. 2005-இல் வந்த டாடா ஏஸ் வண்டியை ஆரம்ப வருடங்களில் வாங்கி, இன்னும் விற்காமல் ஓட்டுகிறவர்களும் உண்டு. எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எப்.சி. எடுக்க வேண்டும். அந்தச் சமயத்தில் பெயிண்ட் அடிக்கிறோம், லைட் மாற்றுகிறோம், ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். சக்கரத்துக்குள் சுழலும் பேரிங் கண்ணில் படாத பொருள் ஆகையால், அது சத்தம் போட்டுக் கூப்பிடும் வரை அதை யாரும் நினைப்பதில்லை.

சத்தம் வந்த பிறகும் நாம் செய்வது என்ன? "மெக்கானிக் பார்த்துக்கொள்வான்" என்று சாவியை டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறோம். வண்டியை ஓட்டிப் பார்க்க மெக்கானிக்குக்கு நேரம் இருக்காது. வாசலில் நின்று இரண்டு தடவை ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டு ஏதோ ஒன்றைக் கழற்றுகிறார். அது இல்லை என்றால் அடுத்ததைக் கழற்றுகிறார். பில் மட்டும் ஏறுகிறது. நாமே ஸ்பானர் பிடிக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை ஓட்டுகிறவரும் உரிமையாளரும் சேர்ந்து அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட முடியும். அதைச் சொல்லி வண்டியைப் பட்டறையில் விட்டால் பாதிச் செலவு மிச்சம்.

எஞ்சினா, சக்கரமா?

முதலில் பிரிக்க வேண்டியது இதைத்தான். ஆள் நடமாட்டம் இல்லாத சமதளமான ரோட்டில், சரக்கு இல்லாமல், மூன்றாவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போங்கள். சத்தம் கேட்கிறதா? அதே 40 கி.மீ. வேகத்திலேயே நான்காவது கியருக்கு மாற்றுங்கள். எஞ்சின் சுற்று குறைந்துவிட்டது. சக்கரத்தின் சுற்று மாறவில்லை. சத்தமும் குறைந்தால் அது எஞ்சின், கிளட்ச், கியர் பாக்ஸ் பக்கம். சத்தம் அப்படியே இருந்தால் சக்கரம், டயர், பின் அச்சு பக்கம். ஆம்னி போன்ற வண்டியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால், முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாச் சத்தமும் எஞ்சின் சத்தமாகவே தோன்றும். ஆகவே இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

சிலர் நியூட்ரலில் விட்டு எஞ்சினையே அணைத்துக் கேட்பார்கள். அது வேண்டாம். எஞ்சின் நின்றால் பிரேக் பூஸ்டர் உதவி போய்விடும், பிரேக் கல்லாக இறுகும். சாவியை முழுவதும் திருப்பிவிட்டால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும். கியர் மாற்றிப் பார்ப்பதே போதும்.

காலி வேனின் தகரக் கூடு ஒரு தகர டப்பா மாதிரி. இடது பின் சக்கரத்தில் எழும் சத்தம் வலது முன்பக்கம் கேட்பது போல இருக்கும். எனவே டிரைவர் மட்டும் கேட்டால் போதாது. இன்னொருவர் பின்னால் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கு மேலேயும் காதைக் கொண்டுபோய்க் கேட்க வேண்டும். லோடுமேன்களுக்கு இதில் நல்ல காது உண்டு. தினமும் அங்கேயே உட்கார்ந்து போகிறவர்கள் அவர்கள்தானே.

சத்தத்தின் சாதி

சக்கரப் பக்கம்தான் என்று தெரிந்த பிறகு, அது என்ன மாதிரிச் சத்தம் என்று பார்க்க வேண்டும்.

விடாமல் ஊளையிடுவது போலவோ, தூரத்தில் விமானம் போவது போலவோ ஒரு முனகல் கேட்டு, வேகம் கூடக்கூட அது உயர்ந்தால் மூன்று காரணங்கள் இருக்கலாம். டயர், பேரிங், அல்லது கிரவுன் பினியன்.

டயர் என்றால் ரோடு மாறும்போது சத்தம் மாறும். தார் ரோட்டிலிருந்து சிமெண்ட் ரோட்டுக்கு ஏறியவுடன் கூடும், புதிதாகப் போட்ட வழவழப்பான தாரில் குறையும். பேரிங்குக்கு ரோடு எதுவானாலும் ஒன்றுதான். டயரின் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் ரம்பப் பல் போலக் குத்தினால், அல்லது மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால், அந்த டயரே ஊளையிடும். சந்தேகம் தீராவிட்டால் முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தமும் கூடவே இடம் மாறினால் டயர்தான். பஞ்சர் கடைக் கூலியோடு முடிந்துபோகும் வேலை.

கிரவுன் பினியன் என்றால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஒரு மாதிரியும், காலை எடுத்து வண்டியை ஓட விடும்போது வேறு மாதிரியும் கேட்கும். மிதித்தால் ஊளை, விட்டால் அமைதி, அல்லது நேர்மாறாக. பற்கள் ஒரு பக்கத்தில் அழுந்துவதும் மறுபக்கத்தில் அழுந்துவதும் மாறுவதால் வரும் வித்தியாசம் இது. சக்கர பேரிங்குக்கு ஆக்ஸிலேட்டரைப் பற்றிக் கவலை இல்லை. அதற்குத் தெரிந்தது தன் மேல் விழும் பாரம் ஒன்றுதான்.

அந்தப் பாரத்தை வைத்துத்தான் பேரிங்கைப் பிடிக்க வேண்டும். வண்டி வலது பக்கம் வளையும்போது எடை முழுவதும் இடது பக்கச் சக்கரங்கள் மேல் சாய்கிறது. பஸ் வலப்பக்கம் வளையும்போது நிற்கிறவர்கள் இடப்பக்கம் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். வலது வளைவில் சத்தம் கூடி, இடது வளைவில் குறைந்தால், பெரும்பாலும் பழுது இடது பக்கச் சக்கரத்தில். இடது வளைவில் கூடினால் வலது பக்கம். அகலமான காலி ரோட்டில் 40 கி.மீ. வேகத்தில் மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்தாலே தெரிந்துவிடும். சரக்கு ஏற்றிய வண்டியில் இதைச் செய்ய வேண்டாம், வண்டி சாய்ந்துவிடும்.

விட்டு விட்டு 'டொக் டொக்' என்று அடிக்கும் சத்தம் வேறு வகை. இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 145 ஆர் 12 அளவு டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.7 மீட்டர். 10 கி.மீ. வேகத்தில் வண்டி நிமிடத்துக்கு 167 மீட்டர் போகும். அப்படியானால் சக்கரம் நிமிடத்துக்கு சுமார் 100 சுற்று. வேகத்தைப் பத்தால் பெருக்கினால் சுற்று கிடைத்துவிடும். 10 கி.மீ. வேகத்தில் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். நிமிடத்துக்கு 100 அடி என்றால் அது சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று. டயரில் மாட்டிய கல், ஆணி, உப்பிய டயர், தளர்ந்த வீல் நட், ஓவல் ஆகிப்போன டிரம், இவற்றில் ஏதாவது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, பின் அச்சுக்குப் போகும் நீள ஷாப்ட் நாலைந்து சுற்றுச் சுற்றும். எண்ணவே முடியாத வேகத்தில் படபடவென்று அடித்தால் அந்த ஷாப்டின் கிராஸ் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். நின்ற வண்டி நகரும்போதும், ரிவர்ஸ் எடுக்கும்போதும் 'டங்' என்று ஒரு அடி விழுந்தால் அந்தச் சந்தேகம் உறுதி.

வீல் நட் தளர்ந்த சத்தம் என்று தோன்றினால் மேற்கொண்டு ஓட்டிப் பார்க்கும் வேலையே கூடாது. அங்கேயே ஓரம் கட்டி எல்லா நட்டையும் குறுக்கு நெடுக்காக இறுக்க வேண்டும். டிஸ்கின் ஓட்டை நீளவாக்கில் தேய்ந்திருந்தால் அந்த டிஸ்கையே மாற்றிவிட வேண்டும், இறுக்கினாலும் நிற்காது.

'கிறீச்' என்ற சத்தம் பிரேக்கை லேசாக மிதித்தவுடன் நின்றாலோ, மிதித்தவுடன் தொடங்கினாலோ பிரேக் பேடு, லைனர் பக்கம் பாருங்கள். முன் டிஸ்குக்கும் அதன் தூசித் தகட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ஜல்லி மாட்டிக்கொண்டாலும், வண்டியே உடையப் போகிறது போல சத்தம் கொடுக்கும். தகட்டைச் சற்று நெம்பினால் கல் விழுந்துவிடும். அதற்குக் காசு கேட்கும் மெக்கானிக்கும் உண்டு!

ஜாக்கி வைத்துப் பார்ப்பது

பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகமாகத் தகித்தால், அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. மலை இறங்கி வந்தவுடன் இதைப் பார்க்கக் கூடாது. பிரேக் போட்டு எல்லாமே சூடாகத்தான் இருக்கும்.

பிறகு ஜாக்கி. தரை சமமாக, கெட்டியாக இருக்க வேண்டும். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சுக்கு அடியில் ஸ்டாண்டோ, கனமான மரக்கட்டையோ வைக்க வேண்டும். செங்கல் கூடாது, நொறுங்கிவிடும். பின் சக்கரத்தைத் தூக்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கை பிரேக் பின் சக்கரத்தில்தான் பிடிக்கிறது. சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க அதை விட்டுவிட வேண்டியிருக்கும். அப்போது வண்டியை நிறுத்தி வைப்பது முன் சக்கரத்துக் கட்டைகள் மட்டும்தான்.

முன் சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங்கில்தான் தளர்ச்சி. நிற்கவில்லை என்றால் கிங் பின், பால் ஜாயிண்ட் பக்கம். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் ஸ்டியரிங் ராடு முனைகளைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனை செய்யாமல் பேரிங் மாற்றி, சத்தம் போனாலும் ஆட்டம் போகாமல் திரும்பி வந்த வண்டிகள் நிறைய.

ஆட்டம் இல்லாமலும் பேரிங் கெட்டிருக்கலாம். ஒரு கையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே, மறுகை விரல்களை ஸ்பிரிங் பட்டையின் மேல் வையுங்கள். நல்ல பேரிங் என்றால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. கெட்டது என்றால் மணலில் உருள்வது போல ஒரு கரகரப்பு விரலுக்கு ஏறும். காதைவிட விரல் இதில் நம்பகமானது.

ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி வைத்து, எஞ்சினை ஓட்டி, கியர் போட்டுச் சுற்றிப் பார்ப்பது பட்டறைகளில் நடக்கிறது. தரையில் இருக்கும் சக்கரத்துக்கு இழுவை போனால் வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும். நம் வண்டியில் அதை அனுமதிக்கக் கூடாது.

மலை ரோட்டில் தெரிந்த சத்தம்

திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானல் கடைகளுக்குச் சரக்கு போடுகிறவன் நான். வத்தலக்குண்டு தாண்டி காட்ரோட்டில் மலை ஏறத் தொடங்கினால், டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை என்று வளைவுக்கு மேல் வளைவு. எங்கள் கடையில் பதினாலு வருட வேன் ஒன்றில் பின்பக்கம் ஊளைச் சத்தம் வந்தது. காட்டிய முதல் பட்டறையில் கிரவுன் பினியன் என்றார்கள், இருபதாயிரத்துக்குக் குறையாது என்றார்கள். இரண்டாவது இடத்தில் டயர் என்றார்கள்.

டிரைவர் தம்பியை உட்கார வைத்துக் கேட்டேன். "முதலாளி, ஏறும்போதும் அதே சத்தம்தான், இறங்கும்போதும் அதே சத்தம்தான். ரைட்ல வளைக்கிறப்ப மட்டும் கூடுது" என்றான். விடை முழுவதும் அந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது. ஏறும்போது ஆக்ஸிலேட்டர் மிதிபடுகிறது. இறங்கும்போது எஞ்சின் வண்டியைப் பிடிக்கிறது. இரண்டிலும் சத்தம் மாறவில்லை என்றால் கிரவுன் பினியன் இல்லை. வலது வளைவில் கூடுகிறது என்றால் டயரைவிட இடது பேரிங் மேல்தான் சந்தேகம் அதிகம். டயரை முன் பின் மாற்றிப் போட்டோம். சத்தம் இடம் மாறவில்லை. ஜாக்கி வைத்துச் சுற்றியபோது இடது பின் ஸ்பிரிங்கில் கரகரப்பு ஏறியது.

மூன்றாவது பட்டறையில் "இடது பின் சக்கரத்து அச்சு பேரிங்கை மட்டும் கழற்றிக் காட்டுங்கள்" என்று சொல்லி விட்டோம். கழற்றியபோது பேரிங்கின் குண்டுகளில் அம்மைத் தழும்பு போலப் பள்ளம். ஆயில் சீல் வழியாக டிபரன்ஷியல் ஆயில் கசிந்து, டிரம்முக்குள் இறங்கி, லைனர் இரண்டும் ஊறிப் போயிருந்தன. மலை இறங்கும் வண்டியில் ஒரு பின் சக்கரத்துப் பிரேக் அரைகுறையாகத்தான் இருந்திருக்கிறது. சத்தம் வராமல் இருந்திருந்தால் அது யாருக்கும் தெரிந்திருக்காது. பேரிங், சீல், ரிங், பிரேக் ஷூ, லேத் கூலி எல்லாம் சேர்த்து ஐந்தாயிரத்துக்குள் முடிந்தது.

டிரைவர்கள் சத்தத்தைச் சொல்லாமல் மறைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. சொன்னால் "நீதானே ஓட்டுற, பள்ளத்துல விட்டிருப்ப" என்று ஏச்சு விழும். வண்டி பட்டறையில் நிற்கும் நாளுக்குப் படியும் கிடைக்காது. இப்படி நடத்தும் கடைகளில் வண்டி உடைந்த பிறகுதான் முதலாளிக்குச் சத்தம் கேட்கும். சத்தம் சொன்ன நாளுக்குப் படி பிடிக்காதீர்கள். அந்த நூறு இருநூறில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

சின்ன வேன்கள் பலவற்றில் பின் சக்கரமும் டிரம்மும் அச்சு ஷாப்டின் முனையிலேயே மாட்டியிருக்கின்றன. அந்த ஷாப்டை உள்ளே பிடித்து வைத்திருப்பது இந்த பேரிங்கும், அதை அடுத்து இறுக்கமாக ஏற்றிய ஒரு இரும்பு ரிங்கும்தான். பேரிங் உடைந்து ரிங் நழுவினால் ஷாப்ட், டிரம், சக்கரம் எல்லாம் சேர்ந்து வெளியே வந்துவிடும். முன் சக்கரத்தில் பேரிங் சூடாகி இறுகினால் அதன் உள் வளையம் அச்சுத் தண்டின் மேல் சுற்றி, தண்டையே அரைத்துவிடும். பள்ளத்தாக்குப் பக்கம் இரண்டடி கைப்பிடிச் சுவர் மட்டும் உள்ள ரோட்டில் இது நடந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

சரிசெய்யும்போது நின்று பார்க்க வேண்டியவை

முன்பக்கம் கோன், கப் என்று இரண்டு பாகமாக வரும் ரோலர் பேரிங் உள்ள வண்டிகளில் வேலை எளிது. நடு மூடி, ஸ்பிளிட் பின், நட், வாஷர் கழற்றினால் ஹப் வந்துவிடும். பழைய கிரீஸை டீசலில் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பள்ளம், செதில், நீலம் பூத்த சூட்டு அடையாளம் எது இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். கழுவிய பேரிங்கைக் காற்றுக் குழாயால் ஊதிச் சுழல விடும் பழக்கம் கெட்டது. எண்ணெய் இல்லாமல் சுழன்று கீறல் விழும், ரோலர் தெறித்தாலும் தெறிக்கும்.

கோனை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கப்பை ஹப்பிலேயே விட்டுவிடுவது வேலை மிச்சம் பிடிக்கும் தந்திரம். இரண்டும் ஜோடியாகத் தேய்ந்தவை. ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். புதுக் கப்பைப் பித்தளைக் கம்பி வைத்துச் சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்டி இறக்க வேண்டும். அடி வரை உட்கார்ந்ததும் தட்டும் சத்தம் கனமாக மாறும். கப் கையாலேயே ஹப்பில் நுழைந்துவிட்டது என்றால் ஹப்பே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். சில இடங்களில் சென்டர் பஞ்சால் ஹப்புக்குள் புள்ளி புள்ளியாகக் குத்தி இறுக்கம் வரவழைப்பார்கள். சில மாதம்கூட நிற்காது. ஹப்பை மாற்றுங்கள்.

கிரீஸ் விஷயத்தில் கஞ்சத்தனமும் தவறு, தாராளமும் தவறு. வீல் பேரிங்குக்கென்று விற்கும் சூடு தாங்கும் லித்தியம் கிரீஸைத்தான் வாங்க வேண்டும். பட்டைக்கும் ஷாக்கிளுக்கும் அடிக்கும் சேசிஸ் கிரீஸ் சூட்டில் உருகி ஓடிவிடும். உள்ளங்கையில் கிரீஸ் வைத்து, பேரிங்கின் ஓரத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் வழியாகக் கிரீஸ் பிதுங்கும் வரை ஏற்ற வேண்டும். ஹப்பின் உள் வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும். முழுக்க அடைத்தால் அது சூடாகி, சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக்குக்குப் போய்விடும். பழைய கிரீஸோடு வேறு ரகத்தைக் கலக்கவும் கூடாது.

நட்டை இறுக்குவதில்தான் நல்ல மெக்கானிக்கும் மற்றவரும் பிரிகிறார்கள். ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை முதலில் நன்றாக இறுக்கி, ரோலர்கள் தம் இடத்தில் உட்கார விட வேண்டும். பிறகு தளர்த்தி, திரும்பவும் விரலால் மட்டும் இறுக்கி, ஸ்பிளிட் பின் நுழையும் ஓட்டைக்குக் கொண்டுவர வேண்டும். இந்த வகை பேரிங்குக்கு மிகச் சிறிய ஆட்டம் வேண்டும். அளவு அந்தந்த வண்டியின் புத்தகத்தில் இருக்கும். நீள ராடு போட்டு இறுக்கிவிட்டு "இனி ஆடவே ஆடாது" என்றால், அந்த பேரிங் சூட்டிலேயே போய்விடும். ஸ்பிளிட் பின் எப்போதும் புதிது. விலை சில ரூபாய்தான்.

பின் அச்சு பேரிங்கை சுத்தியலால் அடித்து ஏற்றக் கூடாது. லேத் பட்டறையில் பிரஸ் வைத்து, ஷாப்டோடு ஒட்டும் உள் வளையத்தில் மட்டும் அழுத்தி ஏற்ற வேண்டும். வெளி வளையத்தில் அழுத்தினால் விசை குண்டுகள் வழியாகப் போய், புது பேரிங்கிலேயே பள்ளம் விழுந்துவிடும். இரும்பு ரிங் ஒரு தடவைக்குத்தான். பழைய ரிங்கையே திரும்பப் போடுவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மேலே சொன்னபடி, சக்கரத்தை வண்டியில் வைத்திருப்பதே அதுதான்.

சீல் மாற்றியும் திரும்பத் திரும்ப ஆயில் கசிகிறது என்றால் சீலைக் குறை சொல்வதற்கு முன் பின் அச்சின் மேல் இருக்கும் சின்னக் காற்றுப் போக்கியைப் பாருங்கள். சேறு அடைத்துக்கொண்டால், ஓட்டத்தில் சூடாகும் காற்று வெளியேற வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். எங்கள் வேனிலும் அதுதான் அடைத்திருந்தது. ஒரு ஊசியும் கொஞ்சம் டீசலும் போதும். டிபரன்ஷியல் ஆயிலும் நிரப்பும் ஓட்டையின் அடி விளிம்பு வரைதான் நிற்க வேண்டும். கூடுதலாக ஊற்றினால் அதுவும் சீல் வழியாகத்தான் வரும். ஆயில் ஊறிய லைனரைத் துடைத்தோ தீயில் வாட்டியோ திரும்பப் போடக் கூடாது. இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதிது என்றால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

பேரிங்கில் போலி அதிகம். பெட்டியும் எழுத்தும் அசல் போலவே இருக்கும். அங்கீகாரம் பெற்ற டீலரிடம் பில்லோடு வாங்குவதுதான் பாதுகாப்பு. எஸ்.கே.எப். போன்ற கம்பெனிகள் பெட்டியைச் செல்போனில் படம் எடுத்து அனுப்பினால் அசலா என்று சொல்லும் வசதியும் வைத்திருக்கின்றன. ஜி.எஸ்.டி. பில் வாங்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. சரக்கு வண்டியாகப் பதிந்த வேனின் உதிரி பாகத்துக்கும் ரிப்பேருக்கும் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுக்கலாம். காம்போசிஷனில் இருப்பவர்களுக்கும், பயணிகள் வண்டியாகப் பதிந்த ஆம்னிக்கும் இது கிடையாது. ஆடிட்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

பாரக் கணக்கு

பேரிங் ஏன் கெடுகிறது? மழைத் தண்ணீரில் அச்சு மூழ்க ஓட்டுவது, சர்வீஸ் ஸ்டேஷனில் சீல் மேலேயே தண்ணீரைப் பீய்ச்சுவது எல்லாம் காரணம்தான். ஆனால் பெரிய காரணம் நம் கையில் இருக்கிறது. குண்டு பேரிங்கின் ஆயுள், பாரத்தின் மும்மடிக்கு எதிராகக் குறையும் என்பது பேரிங் தயாரிப்பவர்களின் கணக்கு. பேரிங் மேல் விழும் பாரம் ஒன்றேகால் மடங்கானால், 1.25-ஐ மூன்று தடவை பெருக்க 1.95, அதாவது ஆயுள் பாதி. பாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒன்று. ரோலர் பேரிங்குக்கு இது இன்னும் சற்றுக் கூடுதல். சின்ன வேன்களில் சரக்கின் பெரும்பகுதி பின் அச்சின் மேல்தான் உட்காருகிறது.

அரிசி வியாபாரிகளுக்கு இதில் தெரியாமல் ஏறும் எடை ஒன்று உண்டு. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொதிந்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்ததால் 26 கிலோ சிப்பம் புழக்கத்துக்கு வந்தது. 750 கிலோ ஏற்ற அனுமதி உள்ள வண்டியில் 25 கிலோ சிப்பம் 30 ஏற்றினால் கணக்குச் சரி. அதே 30 சிப்பம் 26 கிலோவானால் 780. பழக்க தோஷத்தில் எண்ணிக்கையை மாற்றாமல் ஏற்றுகிறோம். அதற்கு மேல் "ரெண்டு டின் எண்ணெய்தானே" என்று போடுவதெல்லாம் தனி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில், 2019 திருத்தப்படி, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒன்றுக்கு மேலும் 2,000. ரெண்டு டின் எண்ணெயில் வரும் லாபத்தை இதோடு வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்து வண்டியை எடுத்த பிறகு, முதல் நூறு கிலோமீட்டரை சரக்கில்லாமலோ பாதிச் சரக்கோடோ சமதளத்தில் ஓட்டுங்கள். நிறுத்தியதும் ஹப்பின் சூட்டைப் பாருங்கள். வீல் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். முன் பேரிங்கின் ஆட்டத்தை இன்னொரு தடவை சோதிக்கச் சொல்லுங்கள். எந்தச் சக்கரம், எந்தத் தேதி, எத்தனையாவது கிலோமீட்டர், பேரிங்கின் எண் என்ன என்பதை வண்டிச் செலவு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த நாள் சரக்கு ஏற்றலாம்.